உலைப் பெட்டியில் பாஞ்சாலை

வேட்டவலம் ரோடு,
திருவண்ணாமலை.
12.11.2001

மகா கனம் பொருந்திய மைத்துனர் திரு. மூர்த்தி அவர்களுக்கு, தங்கள் அக்காள் புருஷன் தருமன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

அண்ணாமலையார் புண்ணியத்தில் நான் சவுக்கியம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன். அம்பத்தூரில் தாங்களும் தங்கள் சம்சாரமும் குழந்தையும் சவுக்கியமாக இருப்பதாக நானே வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் தாங்கள்தான் அக்காவின் கருமாதி முடிந்து பஸ் ஏறினதிலிருந்து ஒரு வரி போடவில்லையே. தாங்கள், தங்கள் என்று எழுதுவதிலிருந்தே நான் கோபமாக இருப்பது தங்களுக்கு விளங்கியிருக்கும். போனில் சொல்லியிருக்கலாம். எஸ்.டி.டி. பூத்தில் என் பின்னால் வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் என் வீட்டுக் கதை தெரிய வேண்டாமென்றுதான் கடிதம்.

விஷயம் இதுதான். எங்கள் பட்டறை அலுமினிய உலைக்குச் சூடு பார்க்கிற பெட்டி ஒன்று செய்து கொடுத்தாயே, அதற்குள் இருக்கிற உன் அக்கா பாஞ்சாலையின் குரலை வந்து எடுத்துவிட்டுப் போ. கார்த்திகை தீபத்துக்குள் எடுத்துவிடு. இல்லாவிட்டால் எனக்கு வேலை போய்விடும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, அதற்கு முன்னால் புத்தி போய்விடும் போலிருக்கிறது. பார், ‘நீ’க்கு வந்துவிட்டேன். உன்னிடம் எவ்வளவு நேரம்தான் மரியாதையாகக் கோபப்படுவது?

உனக்குத் தெரிந்த கதைதான். இருந்தாலும் நீ கட்டிவிட்ட கூத்தை நீயே ஒருமுறை முழுசாகப் படித்துப் பார்க்க வேண்டும். நான் உண்டு, உலை உண்டு, உலைக்கு எண்ணெய் திறந்துவிடுகிற சுப்பன் உண்டு என்று மேஸ்திரி வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் பம்புக்கு மூடி வார்க்கிற பட்டறைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? உருகின அலுமினியத்தைக் கண்ணால் பார்த்தே சூடு எவ்வளவு என்று சொல்வேன். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள் சூடு ஜாஸ்தியாகி, வார்த்த மூடியெல்லாம் ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலாக வரும், பம்பு கம்பெனிக்காரன் திருப்பி அனுப்புவான். முதலாளி சக்கரவர்த்தி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, "எங்க மச்சான் எலக்ட்ரானிக்ஸ் படிச்சவன், புரோகிராம்லாம் போடுவான், பொட்டி ஒண்ணு செஞ்சி குடுப்பான்"னு நான்தான் வாயைக் கொடுத்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை. நீயும் வந்தாய். உலைக்குள் ஒரு கம்பியை விட்டாய், சுவரில் பெட்டியை மாட்டினாய், சூடு எழுநூற்றைம்பதைத் தாண்டினால் சைரன் ஊளையிடும் என்றாய். ஊளையிட்டது. ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பான்? பக்கத்தில் கல்யாண மண்டபம், எதிரே லாரி ஷெட், பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்கு வருகிற வேன் அத்தனையும் நம் ரோட்டில்தான் ஆரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த ஊரில் சத்தத்துக்கு எவன் எழுந்திருக்கிறான்?

நீ முகம் தொங்கிப்போய் நின்ற அந்த நேரம்தான் உன் அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள். மீட்டரைப் பார்த்தாள். "அய்ய, இன்னாங்க இது, சூடு ஏறிக்கினே போவுது, அத்தினி பேரும் பொம்மையாட்டம் நிக்கிறீங்க?"ன்னு ஒரு குரல் கொடுத்தாள். உங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைச் செடி பிடுங்குகிற கொல்லையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆள் கூப்பிட்டுப் பழகின தொண்டை அது. சுப்பன் எண்ணெய்க் குழாயை மூட ஓடின வேகத்தில் அவன் செருப்பு ஒன்று மண் சலிக்கிற இடத்தில் போய் விழுந்தது. அப்போதுதான் உன் படித்த மூளைக்கு அந்த யோசனை உதித்தது. அடுத்த தடவை வரும்போது குரலைப் பிடித்து வைக்கிற சில்லு ஒன்றைக் கொண்டுவந்து, அக்காவைப் பெட்டிக்கு முன்னால் நிற்க வைத்தாய். அவளானால் போட்டோ பிடிக்கப் போகிற மாதிரி தலையை வாரிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். "ஏங்க! சூடு ஏறுதுங்க! எங்க பூட்டீங்க? வந்து பாருங்களேன்!" என்று சொன்னாள். அதோடு நிறுத்தியிருந்தால் பட்டறை பிழைத்திருக்கும். சில்லில் இன்னும் கொஞ்சம் நேரம் பாக்கி இருப்பது தெரியாமல் உன் பக்கம் திரும்பி, "அவ்ளோதானாடா? சரி வாங்க, ஆறிப்போவுது, சாப்டலாம்" என்றாள். அதுவும் பதிந்துவிட்டது. நீ சிரித்துக்கொண்டே, "இருக்கட்டும் மாமா, நல்லாத்தான் இருக்குது" என்றாய். அன்றிலிருந்து சூடு எத்தனை மணிக்கு ஏறினாலும், உலையைக் கவனித்த கையோடு ஆட்கள் அத்தனை பேரும் கை கழுவிக்கொண்டு கேரியரைத் திறந்து உட்கார்ந்துவிடுவார்கள். காலை பத்து மணிக்கே சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று முதலாளி கத்தினால், "அக்கா கூப்ட்டாங்களே"ன்னு பதில் வரும்.

அது போதாதென்று உன் புரோகிராமில் வேறு ஒரு கோளாறு. எழுநூற்றைம்பதுக்கு ஒரு புள்ளி மேலே போனால் பேசும், ஒரு புள்ளி கீழே வந்தால் நிற்கும். உலை என்ன ஆணி அடித்த மாதிரியா நிற்கும்? ஏறும், இறங்கும். "ஏங்க" என்று ஆரம்பிக்கும், நின்றுவிடும். மறுபடி "ஏங்க", மறுபடி நின்றுவிடும். ஒரு மத்தியானம் முழுக்க உன் அக்கா என்னை ஏங்க ஏங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், விஷயத்துக்கு வரவேயில்லை. வீட்டிலும் அவள் வழக்கம் அதுதான் என்பதால் நான் முதலில் அதைக் கோளாறென்றே நினைக்கவில்லை. பிறகு நீ வந்து திருத்தினாய். ஒருதரம் ஆரம்பித்தால், மேஸ்திரி வந்து உலையைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் இருக்கிற பச்சைப் பொத்தானை அமுக்குகிறவரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கிற மாதிரி. மேஸ்திரிதான் அமுக்க வேண்டும், வேறு யாரும் கூடாது என்று முதலாளி சட்டம் போட்டார். பட்டறையில் கேலிக்குக் கேட்க வேண்டுமா? "ஜில்லாவிலேயே பொண்டாட்டி வாய மூட சுவிட்சு வெச்சிருக்கிற ஆளு நம்ம மேஸ்திரி ஒருத்தர்தான்"னு சுப்பன் சொல்லாத நாளில்லை. உன் அக்காவும் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எங்க, என் எதுருல அமுக்குங்க பாக்கலாம்" என்றாள். அவள் எதிரில் நான் அமுக்கவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஆடி மாசம் காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். நீதான் கொள்ளிச்சட்டிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொண்டு நடந்தாய்.

காரியமெல்லாம் முடிந்து நான் பட்டறைக்குப் போனபோது சுப்பன் நல்ல மனசோடு தீயைக் கம்மியாகவே வைத்து ஓட்டினான். எவ்வளவு நாளைக்கு அப்படி ஓட்ட முடியும்? ஒருநாள் ஏறிவிட்டது. "ஏங்க! சூடு ஏறுதுங்க! எங்க பூட்டீங்க? வந்து பாருங்களேன்!" நான் எங்கேயும் போகவில்லை மச்சான். உலைக்குப் பக்கத்திலேயே, அவள் தைத்துக் கொடுத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். போனவள் இருக்கிறவனைப் பார்த்து எங்கே போய்விட்டாய் என்று கேட்கிறாள். விரலைப் பொத்தான் வரைக்கும் கொண்டுபோனேன். அமுக்க முடியவில்லை. பேசிக்கொண்டிருக்கிறவள் வாயை நானே பொத்துகிற மாதிரி இருந்தது. அவள் பாட்டுக்குத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், நான் கை நீட்டியபடி நிற்கிறேன், உலை கொதிக்கிறது. கடைசியில் சுப்பன் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினான். அதுவரை "சரி வாங்க, ஆறிப்போவுது, சாப்டலாம்" என்று எத்தனை தடவை வந்தும் ஒரு ஆளும் கை கழுவப் போகவில்லை. அன்றைக்கு வார்த்ததெல்லாம் பொத்தல்.

அதற்கப்புறம் நான் செய்து பார்க்காத வித்தை இல்லை. காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து பம்பு கம்பெனி ஆள் வந்து ஏதோ நீளமாகக் கேட்டார், நான் எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாகத் தலையாட்டி வைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு மடங்கு சரக்கு தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது. சரி, அவளைப் பேசவே விடக் கூடாது என்று முடிவு செய்து, நாற்காலி போட்டு மீட்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்தேன். முள் கொஞ்சம் நகர்ந்தாலும் "மூட்றா சுப்பா" என்பேன். சூடு போதாமல் உருகினது அச்சுக்குள் ஓடவில்லை. மூடி பாதி, காற்று பாதியாக வந்தது. ஜாஸ்தியானால் பொத்தல், கம்மியானால் மூளி. வேறு குரல் பதிந்துவிடலாமே என்று முதலாளி சொன்னார். தன் குரலையே தருவதாகவும் சொன்னார். அவர் குரல் கேட்டால் ஆட்கள் உலைப் பக்கம் வரமாட்டார்கள், பின்கதவு வழியாக டீக்கடைக்குப் போய்விடுவார்கள். அது கிடக்கட்டும். புதிதாகப் பதிந்தால் பழையது அழிந்துவிடும் என்று நீ சொல்லியிருக்கிறாய். என் கை அதற்கு வராது. தலையே போனாலும் வராது.

ஆயுத பூஜையன்று வெல்டிங் மெஷினுக்கு மாலை, கிரைண்டருக்கு மாலை, எடை பார்க்கிற தராசுக்குக்கூட ஒரு முழம் கதம்பம். எல்லாம் வழக்கம்தான். சுப்பன் அதே கையோடு பெட்டிக்கும் ஒரு மாலையைப் போட்டுப் பொட்டு வைத்தான். போன வருஷமும் போட்டான், அப்போது உன் அக்கா பக்கத்தில் நின்று சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் மாலை விழுந்ததும் பெட்டி செத்தவர் படம் மாதிரி ஆகிவிட்டது. நான் ஒரே பாய்ச்சலில் போய் அதைப் பிடுங்கி எறிந்தேன். பூஜை நாளில் மாலையைப் பிடுங்கினால் தொழில் விளங்குமா என்று முதலாளியின் முகம் சுண்டிப்போயிற்று. சுப்பன் பாவம், பொரியை வாயில் போட்டபடியே அழுதான்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார் மனுஷன். பெரிய வில்லங்கம் உங்கம்மா ரூபத்தில் வந்தது. அக்கா குரல் பட்டறையில் இருக்கிறதென்று யார் போய்ச் சொன்னார்களோ, வாராவாரம் செவ்வாய்க்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள். மடியில் வேகவைத்த மல்லாட்டையோடு கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, போகிறவன் வருகிறவனிடமெல்லாம் "இன்னும் சூடு ஏறலியாப்பா?" என்று கேட்கிறார்கள். ஏறினால் சந்தோஷம். "வந்து பாருங்களேன்" என்று அக்கா கூப்பிட்டதும், "தோ வன்ட்டம்மா, தோ வன்ட்டேன்"னு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே வருகிறார்கள். ஏறாவிட்டால் கடைசி பஸ்ஸுக்கு முகம் வாடிப்போய் நடக்கிறார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல் சுப்பனும் மற்றவர்களும் சேர்ந்து, செவ்வாய்க்கிழமை வந்தால் எண்ணெய்க் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகவே திறந்துவிட ஆரம்பித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை சரக்கு மட்டும் ஏன் பொத்தலாக வருகிறது என்று பம்பு கம்பெனியிலிருந்து கேட்டுக் கடிதமே வந்துவிட்டது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. "தருமா, எனக்கு மட்டும் வருத்தம் இல்லியா? அந்தம்மா கொழம்ப நானும்தான் சாப்ட்டிருக்கேன். ஆனா பர்னசுக்கு இதெல்லாம் தெரியுமா சொல்லு. ஒருநாள் யாரு மேலயாவுது கொட்டிச்சின்னா இன்னா பண்றது? தீபத்துக்குள்ள ஒண்ணு அந்தக் கொரல் நிக்கணும், இல்லியா நீ நிக்கணும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து அத்தனை ஆட்களுக்கும் முன்னால், "எவனாவுது அந்தச் சனியனப் புடுங்கிப் போடுங்கடா"ன்னு கத்திவிட்டேன். உன் அக்காவைச் சனியன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையாகவும் இருக்கட்டும்.

ஆகவே மச்சான், லீவு போட்டுவிட்டு வா. பெட்டியைத் திறந்து அவளை எடுத்துவிடு. அழிக்காதே, எடுத்து நீயே வைத்துக்கொள். எனக்குத் தெரிகிற இடத்தில் வைக்காதே. அதற்குப் பதிலாக மணியோ சங்கோ நாய் குரைப்போ எதை வேண்டுமானாலும் போடு. காலையில் எழுந்தால் வீட்டில் அவள் சத்தம் இல்லை என்று ஒரு அழுகை, பட்டறைக்குப் போனால் இருக்கிறது என்று ஒரு அழுகை. ஒரே ஆள் இரண்டையும் அழுது தீர்க்க முடியவில்லை. தீபத்துக்கு முந்தின வாரத்திலிருந்து பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, அதற்கு முன்பே கிளம்பு.

உன் சம்சாரத்தை விசாரித்ததாகச் சொல். பெரியவன் ஸ்தானத்தில் இருந்து சொல்கிறேன், குழந்தையும் நீயும் நூறு வயசு இருங்கள், ஊர்க் கண் படாமல் இருங்கள். மலை இருக்கிற திசையைப் பார்த்து உங்களுக்காகத் தினமும் ஒரு கும்பிடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
கோபமும் பாசமும் மாறாத மாமா,
தருமன்

பின்குறிப்பு: மேலே எழுதின எதையும் செய்யாதே. ஒட்டின கடிதத்தை மறுநாள் பிரித்து இதை எழுதுகிறேன், உறை கிழிந்திருப்பது அதனால்தான். நான் கோபத்தில் கத்தினதை சுப்பன் உத்தரவாகவே எடுத்துக்கொண்டான். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து, இன்று காலை நான் வருவதற்குள் பெட்டியைத் திறந்து, உன் அக்கா இருக்கிற சில்லைப் பிடுங்கிவிட்டு, உன் பழைய சைரன் ஒயரை மாட்டிவிட்டான். ஆட்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறான். சூடு ஏறினது, சைரன் அடித்தது, அத்தனை பேரும் ஒரே ஓட்டமாக வந்து நின்றார்கள். நானும் போய்ப் பொத்தானை அமுக்கினேன். ஒரே அமுக்கு, நின்றுவிட்டது. வார்த்ததில் ஒரு பொத்தல் இல்லை. முதலாளி முதுகில் தட்டி, "பாத்தியா தருமா, இவ்ளோதான்" என்றார். நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது மச்சான். எண்ணெய் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன். அவள் செத்தது இன்றைக்குத்தான் என்கிற மாதிரி இருந்தது.

இன்று செவ்வாய்க்கிழமை என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. உங்கம்மா கேட்டிலிருந்து எழுந்து உள்ளே வந்து, "ஏம் மாப்ள, இது யாரு கத்துறது? எம் பொண்ணு எங்க?"ன்னு கேட்டார்கள். சுப்பன் தன் சட்டைப் பையிலிருந்து அந்தச் சில்லை எடுத்து என் கையில் கொடுத்தான். பூரான் மாதிரி கறுப்பாக, வரிசையாகக் காலோடு இத்தனூண்டு இருக்கிறது. "இதுலதான் இருக்குது அத்த"ன்னு சொல்லி உங்கம்மா உள்ளங்கையில் வைத்தேன். காதில் வைத்துக் கேட்டார்கள். ரொம்ப நேரம் கேட்டார்கள். "இன்னா மாப்ள, பேச மாட்டேங்கிறா. நம்ம மேல கோவமா?"ன்னார்கள். அப்புறம் அதை முந்தானையில் முடிந்துகொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தடுக்க மனசு வரவில்லை.

அதனால் நீ நேராக இங்கே வராதே. கீழ்பென்னாத்தூரிலேயே இறங்கு. உங்கம்மா அந்தப் புடவையைத் துவைத்துப் போடுவதற்குள் போ. நயமாகப் பேசி அவளை வாங்கிக்கொண்டு, உங்கம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வா. வந்து அவளை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. முதலாளி காலில் விழுவதானாலும் அது என் பாடு. சூடு ஏறினால் ஒரு தரம் அவள் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். முடித்ததும் பொத்தானை நானே அமுக்குகிறேன்.